கட்டம் சாரின் பென்சில் ஸ்டாண்ட்

“மேசையை எந்தப் பக்கம் போடட்டும், சொல்லு.”

“உங்களுக்கு எது வசதியோ அப்படிப் போடுங்க.”

“ஜன்னல் பக்கம் போட்டா வெளிச்சம் நல்லா வரும், இல்ல?”

“ஆமா, நல்லா வரும்.”

“உனக்குன்னு ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடு. எல்லாத்தையும் போட்டு முடிச்ச பிறகு அதை நகர்த்துங்க, இதை நகர்த்துங்கன்னு நிக்கக் கூடாது.”

“எனக்கென்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம்.”

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. சாமான் ஏற்றி வந்த ஆட்கள் இரண்டு பேர் அந்த மேசையைத் தூக்கிப் பிடித்தபடி, இந்தத் தம்பதி எப்போது பேசி முடிக்கும் என்று வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கை நோகுமே என்ற அவசரத்தில் என் வாயிலிருந்து வந்த ‘ஒண்ணும் வேண்டாம்’ அது. அதற்கு இத்தனை நீண்ட ஆயுள் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு பக்கமும் இழுப்பறைகள். அது இருக்கும் அறைக்கு எங்கள் வீட்டில் ‘ஆபீஸ் ரூம்’ என்று பெயர். மேசையின் மேல் மூன்று பொருள்கள் இருந்தன: குடிவந்த மூன்றாம் வருடம் மூச்சை நிறுத்திக்கொண்ட ஒரு பிரிண்டர், ஒரு பூமி உருண்டை, பதினைந்து வருடப் பணிக்காக அவருக்குக் கொடுத்த ஒரு கண்ணாடிக் கேடயம். வண்டிச் சாவி தொலைந்தால் இழுப்பறையைக் கிளறுவதற்காக வருடத்தில் இரண்டு முறை அவர் அந்த மேசைப் பக்கம் போவார். மற்ற நாட்களில் நான் அதைத் துடைப்பேன். ஆக, அந்த மேசையில் வேலை செய்த ஒரே ஆள் நான்தான்.

என் தொழில் பிழை திருத்துவது. பதிப்பகத்தார் அச்சுக்குப் போகும் முன் தாள்களை அனுப்புவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒற்றுக்கும் புள்ளிக்கும் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலை நான் இஸ்திரிப் பலகையில் நின்றபடி செய்து வந்தேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் பலகையை விரித்தால் அதுதான் என் அலுவலகம். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அது ஒரு வசதி. ஆனால் பலகையின் ஒரு முனை கூம்பிப் போகும். அந்தப் பக்கம் வைக்கிற தாள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கும். யாருக்காவது சட்டை தேய்க்க வேண்டுமென்றால் புத்தகம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.

இத்தனைக்கும் என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் முதல் மாதமே சண்டை போட்டு மேசையை வாங்கியிருப்பேன். விடுமுறை நாட்களில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூலப்பிரதியை அவர் உரக்க வாசிப்பார், நான் அச்சுத்தாளில் சரிபார்ப்பேன். “கமா! முற்றுப்புள்ளி! அடுத்த பத்தி!” என்று, வரிசை எண்ணைக் கூப்பிடுகிற குரலில் வாசிப்பார். ஒருமுறை காதல் கதை ஒன்றை அப்படி வாசித்து, கதாநாயகி கண்ணீர் விட்ட இடத்தில் “மூணு புள்ளி!” என்று கத்தினார். நான் சிரித்த சிரிப்பில் பலகையே மடங்கிவிட்டது.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் படிவங்கள் வடிவமைக்கிறவர். அங்கே அவருக்குக் ‘கட்டம் சார்’ என்று பெயர். நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் அவர் போடுகிற படிவம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், நிரப்பத்தான் முடியாது. பெயருக்கு ஒன்பது எழுத்து, முகவரிக்கு ஒரு கட்டைவிரல் அகலம், ‘காரணம்’ என்பதற்கு ஒரு நகம். மக்கள் குறை சொன்னால், “சுருக்கமா எழுதப் பழகணும்” என்பார். நான் அந்த மேசையைக் கேட்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன ஒரு நாள், அவர் அன்று போட்டு முடித்திருந்த ‘வீட்டுத் தேவைப் படிவம்’ ஒன்றை ஆசையாக என் கையில் கொடுத்தார்.

“இனிமே உனக்கு எது வேணும்னாலும் இதுல எழுதிக் குடு. நானும் மறக்க மாட்டேன், நீயும் குறைப்பட வேண்டாம்.”

அதில் பழுது, வாங்குதல், மாற்றுதல் என்று மூன்று கட்டங்கள். என் தேவை மூன்றிலும் சேரவில்லை. மேசை பழுதாகவில்லை. வாங்கவும் வேண்டாம். உட்காருகிற ஆளைத்தான் மாற்ற வேண்டும். அதற்குக் கட்டம் இல்லை. நான் ‘குழாய் ஒழுகுகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். குழாய் சரியாயிற்று.

வாய்விட்டுக் கேட்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய அலுவலகத்தில் ‘திறந்த இருக்கை’ என்று ஒரு புதுமையைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் முதலில் வருகிறவருக்கு ஜன்னலோரம், கடைசியில் வருகிறவருக்குக் கழிப்பறை வாசல். மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் அவர், ஆபீஸ் ரூம் கதவைத் திறந்து, தன் மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்க நா எழாது.

இப்படியே இருந்திருப்பேன். அந்தத் திங்கட்கிழமை பதிப்பகத்து அம்மாவிடமிருந்து போன் வராமல் இருந்திருந்தால்.

“ஒரு அகராதி வேலை வந்திருக்கு. ஆயிரத்து நானூறு பக்கம். ரெண்டு வருஷமாவது ஆகும். உங்களுக்குத்தான் குடுக்கணும்னு பிடிவாதமா இருக்கேன்” என்றார். கதைப் புத்தகங்களில் அடுத்தவர் விட்ட ஒற்றைத் தேடித் திரிகிறவளுக்கு அகராதி என்பது சாதாரண விஷயமா?

“ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதை அப்பப்ப அள்ளி அடுக்கி வைக்கிற கதையே ஆகாது. விரிச்சது விரிச்ச மாதிரி கிடக்கணும். ஒரு சொல்லைத் திருத்தினா நாலு பக்கம் தள்ளிப் போய்ப் பார்க்கணும். வீட்டுல நல்ல மேசை இருக்கில்ல?”

“இருக்கு” என்றேன். பொய் இல்லை. வீட்டில் நல்ல மேசை இருந்தது.

“முதல் நாப்பது பக்கத்தை மாதிரிக்கு அனுப்பறேன். பார்த்துட்டு சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடியுமா முடியாதான்னு சொல்லுங்க. இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். அவர்கிட்ட மேசை ரெண்டு இருக்காம்.”

அன்று மாலை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முகம் கழுவி, தலை வாரி, சொல்ல வேண்டியதை இரண்டு தரம் ஒத்திகை பார்த்து வாசலில் நின்றேன். என் கணவர் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். மேசையைக்கூடப் பார்க்கவில்லை.

“முதல்ல நான் சொல்றதைக் கேளு. ஆபீஸ்ல படைப்பாற்றல் வாரம்!”

அவர்களுடைய தலைமை அதிகாரி ஏதோ ஓட்டலில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாராம். விளையாடுகிற ஊழியன்தான் சிந்திப்பான் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அதனால் ஒவ்வொரு பிரிவும் குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் கற்களைக் கொண்டு மேசையில் வைக்க ஓர் அலங்காரப் பென்சில் ஸ்டாண்ட் கட்ட வேண்டும். தலைப்பு: ‘நம் பணி, நம் பெருமை’. வெள்ளிக்கிழமை போட்டி.

“உங்க ஆபீஸ்லதான் யாருக்கும் மேசையே இல்லையே” என்றேன்.

“சுற்றறிக்கையில அதைப் பத்தி ஒண்ணும் இல்ல.”

எங்கள் பதின்மூன்று வயது மகள் பாட்டு கேட்கும் கருவியைக் காதிலிருந்து எடுத்தாள். “அப்பா, உங்க ஆபீஸ்ல பென்சில் இருக்கா?”

“எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. அதெல்லாம் போட்டிக்கு அவசியம் இல்ல.”

பொட்டலத்தை எங்கே பிரிப்பது என்ற கேள்வி வந்தது. ஆபீஸ் ரூம் கதவு திறந்தேதான் இருந்தது. அவர் மேசையைப் பார்த்தார், பொட்டலத்துக்குள் துருத்திய கற்களின் கூர்மையான விளிம்பைத் தடவினார். “கீறல் விழுந்திடும்” என்று சொல்லிவிட்டு நடைக்கு வந்து, என் இஸ்திரிப் பலகையைக் கண் உயரத்துக்குத் தூக்கி அதன்மேல் எல்லாவற்றையும் கொட்டினார்.

“நாலே நாள்தான். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மறுநாளிலிருந்து அகராதியின் முதல் நாற்பது பக்கங்களை நான் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி மேல் வைத்துத் திருத்தினேன். துவைக்கும்போது பரவாயில்லை. பிழிகிற நேரத்தில் அது உடம்பை உலுக்கிக்கொண்டு ஆடும். ‘அடக்கம்’ என்ற சொல்லின் ஓரத்தில் ஒரு சிறு குறி போடப் போனேன். இயந்திரம் எடுத்த வேகத்தில் பென்சில் ஒரே இழுப்பாக அந்தச் சொல்லையே அடித்துவிட்டது. அழிரப்பரை எடுத்தேன். பிறகு, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடையில் கட்டுமானம் மும்முரமாக நடந்தது. மற்றவர்கள் பூந்தொட்டி, படகு என்று கட்டும்போது இவர் தன் அலுவலகக் கட்டடத்தையே கட்டத் தீர்மானித்தார். பச்சை அடித்தட்டு, சாம்பல் சுவர், நாலு மாடி, இருபத்தெட்டு ஜன்னல். கூரையில் பன்னிரண்டு சதுர ஓட்டைகள். ஒவ்வொரு பென்சிலுக்கும் தனித்தனி அறை. பிரிவு ஊழியர்கள் ஐந்து பேரும் ஆலோசனை சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டதால் கட்டும் பொறுப்பு இவருக்கு வந்தது.

முதல் சுவர் செவ்வாய்க்கிழமை பிளந்தது. கல்லுக்கு மேல் கல்லை ஒரே நேராக, கட்டம் கட்டமாக அடுக்கியிருந்தார். பார்வைக்கு ஒழுங்கு. தொட்டதும் தூண் தூணாகப் பிரிந்து விழுந்தது.

“அப்பா, ஒவ்வொரு மேல் கல்லும் ரெண்டு கீழ்க் கல்லு மேல கால் வைக்கணும். இல்லன்னா சுவர் நிக்காது” என்றாள் மகள்.

“இது எதுல போட்டிருக்கு?”

“எதுலயும் போடல. நான் அஞ்சு வயசுல கண்டுபிடிச்சது.”

கல் போதாமல் போனபோது அவளுடைய பழைய பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அதற்கும் இரவல் படிவம் ஒன்றைத் தயார் செய்தார். “கையெழுத்துப் போட இடமே இல்லையேப்பா” என்றாள் அவள். “சின்னதாப் போடு” என்றார்.

புதன்கிழமை வாசலில் பொம்மை மனிதர்கள் ஏழு பேரை வரிசையில் நிறுத்தினார். மகள் குனிந்து பார்த்தாள்.

“இவங்களை எப்ப உள்ள விடுவீங்க?”

“உள்ள விடறதுக்கு இல்ல. வரிசை இருந்தாத்தான் ஆபீஸ்னு தெரியும்.”

அன்று மாலை நான் மறுபடி ஒரு முயற்சி செய்தேன். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்தேன். அவர் கடைசி மாடியின் ஓரக்கல்லை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கூட விடாமல், “கேளு” என்றார் உதட்டோரமாக. அவர் நெற்றியில் வேர்வை, கண்ணில் அப்படியொரு சந்தோஷம். அலுவலகத்தில் மேசை பறிபோன நாளிலிருந்து அந்த முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.

“சாப்பிட வரீங்களான்னு கேட்டேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் என்னிடம் பென்சில் கேட்டு வந்தார். காட்சிக்கு வைக்கப் பன்னிரண்டு வேண்டுமாம். முந்நூறு பேர் வேலை செய்கிற அலுவலகத்தில் ஒரு பென்சில்கூடக் கிடைக்கவில்லை. என் பென்சில்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் குடியிருந்தன. பதினான்கு பென்சில்களும் அந்த ஒரே அறையில் இத்தனை வருடமும் சண்டையில்லாமல் இருந்தன. பன்னிரண்டை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் பென்சில் அரை விரல் ஆழம் இறங்கி நின்றுவிட்டது. இரண்டாவது நுனியோடு சரி. என்னுடைய தடித்த சிவப்பு நீலப் பென்சில் வாசலிலேயே நின்றது.

“எதை வச்சு அளவெடுத்தீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய குச்சியை எடுத்துக் காட்டினார். அலுவலகத்தில் திரையின் மேல் கையெழுத்துப் போடக் கொடுக்கிற குச்சி. ஆறு வருடங்களில் பென்சிலின் பருமன் அவருக்கு மறந்தே போயிருந்தது.

“ஓட்டை சின்னதா இருக்கு” என்றேன்.

“ஓட்டை சரியாத்தான் இருக்கு. பென்சில்தான் குண்டு.”

“பென்சிலைக் கொஞ்சம் வாக்கிங் போகச் சொல்லுங்கப்பா” என்றாள் மகள்.

“நடுவுல இருக்கற சுவரை எடுத்துட்டு ரெண்டு அறையை ஒண்ணா ஆக்கிடுங்களேன்” என்றேன். “கையால கழட்டக்கூடிய கல்லுதானே.”

“பன்னிரண்டு கட்டத்துல ஒண்ணு குறைஞ்சாலும் அமைப்பே போயிடும்” என்று சொன்ன அவர் சமையலறைக்குப் போய்க் காய்கறிக் கத்தியை எடுத்து வந்தார். என் கண் முன்னாலேயே என் பென்சில்களின் தோலை நீளவாக்கில் சீவ ஆரம்பித்தார். படிவத்தில் இடம் போதாவிட்டால் மக்கள் பெயரைக் குறைத்துக்கொள்வதில்லையா, அதுபோல. சிவப்பு நீலத்தின் நீலப் பக்கம் மூன்று துண்டாக உடைந்தது. பதினோரு பென்சில்கள் ஈர்க்குச்சியாக இளைத்து உள்ளே போயின. கடைசி அறை காலி. அவர் டப்பாவின் பக்கம் கையை நீட்டினார்.

“அதைத் தொடாதீங்க” என்றேன்.

நான் அப்படிச் சொல்வேன் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். பதினோரு பென்சிலோடு போனார்.

முதல் பரிசு அவருக்குத்தான். நிலுவைப் பிரிவு கட்டியது பாதியிலேயே நின்றிருந்தது. அதுவே எங்கள் பணி, அதுவே எங்கள் பெருமை என்று அவர்கள் விளக்கம் சொல்லி மூன்றாம் பரிசு வாங்கினார்களாம். கோப்புப் பிரிவின் படகில் பென்சில் செருக ஓட்டையே இல்லை. நிறம், சமச்சீர், தூய்மை, கூட்டுமுயற்சி என்று நடுவர்களின் மதிப்பெண் தாளில் நாற்பது கட்டங்கள் இருந்தன. பென்சில் நிற்குமா என்று ஒரு கட்டம் இல்லை. அந்தத் தாளைப் போட்டுக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிசு பெற்ற பென்சில் ஸ்டாண்டை வைக்க அலுவலகத்தில் யாருக்கும் மேசை இல்லை என்பது அப்போதுதான் தலைமை அதிகாரிக்கு உறைத்திருக்கிறது. “வீட்டுல உங்க மேசை மேல வைங்க. நீங்க அங்க உட்கார்ந்து வேலை செய்யற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. செய்திமடல்ல போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. என் கணவர் முழுக்கைச் சட்டை போட்டு, மேசை முன்னால் உட்கார்ந்து, ஸ்டாண்டை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். செத்துப்போன பிரிண்டரைத் தூக்கித் தரையில் வைத்தார்.

“மேசை வெறிச்சுனு இருக்கே. வேலை செய்யற மாதிரியே இல்லை.”

“வேலை செஞ்சாத்தானே” என்று வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது.

“ஏம்மா, உன் பேப்பர் கொஞ்சம் கொண்டு வாயேன். விரிச்சு வச்சா நல்லா இருக்கும்.”

துணி இயந்திரத்தின் மேலிருந்து நாற்பது பக்கங்களையும் எடுத்து வந்தேன். ஒத்திகையே இல்லாமல் என் கைகள் அவற்றைப் பரப்பின: பார்த்து முடித்தவை இடப்பக்கம், பார்க்க வேண்டியவை வலப்பக்கம், சந்தேகத்துக்குரியவை தலைமாட்டில், ஒப்பிட்டுப் பார்ப்பவை நடுவில். ஒரு தாள்கூடத் தரைக்கு இறங்கவில்லை. நாலு கட்டும் போக, ஒரு விளக்கு வைக்க இடம் இருந்தது. ஒரு டம்ளர் டீ வைக்கவும் இருந்தது.

“கையில ஒரு பென்சில் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். ஸ்டாண்டிலிருந்து ஒன்றை உருவப் பார்த்தார், வரவில்லை. நான் டப்பாவில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் குச்சி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

போனை உயர்த்தினேன். திரையில் ஜன்னல் வெளிச்சம் என் தாள்களின் மேல் விழுந்து கிடந்தது. ஓரத்தில் நாலு மாடிக் கட்டடமும் உள்ளே போக முடியாத ஏழு பேரும். நடுவில் இவர். ‘அடக்கம்’ இருந்த பக்கம் அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. நான் இன்னும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை.

“சிரிக்கட்டுமா? சும்மா இருக்கட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

அவர் சிரித்தார். ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். கைக்குள்ளேயே போன் அதிர்ந்தது. திரையின் மேல்பக்கம் பதிப்பகத்து அம்மாவின் செய்தி வந்து நின்றது: ‘முடியுமா? பன்னிரண்டுக்குள் சொல்லுங்கள்.’

“என்ன, சரியா வந்திருக்கா?” என்று கேட்டார் அவர். “படத்துக்கு இன்னும் ஏதாவது வேணுமா? பூமி உருண்டையை இந்தப் பக்கம் வைக்கவா? ஏன் அப்படிப் பார்க்கறே? ஏதாவது வேணும்னா சொல்லும்மா.”

இந்த முறை யாரும் எதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கவில்லை. நான் போனை இறக்கினேன்.

“எனக்கு இந்த மேசை வேணும். இந்த ரூமும் வேணும். இன்னைக்கே வேணும்.”